தொலைக்காட்சி நிதிச் செய்தியாளராகக் கணக்கியல் படிப்பு உதவுமா?

பட்டர்வொர்த் வாசகி:
வணக்கம். கணக்கியல் பட்டம் பெற்று, ஜார்ஜ்டவுனில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் பணிபுரிகிறேன். தொலைக்காட்சியில் நிதிச் செய்தியாளராக வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். வீட்டிலோ, திரையில் தோன்றுவதற்குக் குரல் இருந்தால் போதும், படித்த படிப்பை ஏன் வீணாக்குகிறாய் என்கிறார்கள். இத்துறையில் நிலைத்தவர்கள் எப்படி உருவானார்கள்? தமிழில் இதற்கு இடமுண்டா?

செந்தூல் செய்தியாசிரியர்:
தங்கையே, அமெரிக்கரான லூயிஸ் ருகைசரின் வாழ்க்கையைப் படியுங்கள். அவர் 1933இல் பிறந்தவர்; அவருடைய தந்தை நாளிதழ்களில் நிதிப் பத்தி எழுதியவர். ஆயினும் மகன் நேராகச் சந்தைச் செய்திக்கு வந்துவிடவில்லை. பால்டிமோர் சன் நாளிதழுக்காக அரசியல் செய்திகளை எழுதி, லண்டனிலும் ஆசியாவிலும் பணியாற்றி, ஏபிசி தொலைக்காட்சியில் பொருளாதாரச் செய்திகளைக் கையாண்ட பிறகே, 1970இல் மேரிலாந்துப் பொதுத் தொலைக்காட்சியின் 'வால் ஸ்ட்ரீட் வீக்' என்னும் வாராந்தர நிதி நிகழ்ச்சியை ஏற்றார். 2002 வரை அதை நடத்தினார். 1987 அக்டோபர் 19ஆம் நாள் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 விழுக்காடு சரிந்தபோது, அந்த வார நிகழ்ச்சியில் அவர் முதலில் செய்தது, கலங்கிப் போயிருந்த சிறு சேமிப்பாளர்களை நிதானப்படுத்தியதுதான். குரல் வளத்தால் மட்டும் அது கைகூடாது. பல ஆண்டுகள் ஊரையும் உலகையும் பார்த்துச் செய்தி எழுதிய பழக்கமே அவருக்குக் கைகொடுத்தது என்பது என் உறுதியான எண்ணம்.

பிரிக்பீல்ட்ஸ் கவிதா:
அமெரிக்க நிதிச் செய்தியாளர் மரியா பார்ட்டிரோமோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இதழியலும் பொருளியலும் படித்த அவர், 1993இல் நிதிச் செய்தித் தொலைக்காட்சியான சிஎன்பிசியில் சேருமுன் சிஎன்என் நிறுவனத்தில் திரைக்குப் பின்னால் தயாரிப்புப் பணியில் இருந்தார். 1995இல் நியூயார்க் பங்குச் சந்தையின் வர்த்தகத் தளத்திலிருந்தே நாள்தோறும் நேரலை வழங்கத் தொடங்கினார். அதற்குமுன் எவரும் அவ்வாறு செய்ததில்லை.

செந்தூல் செய்தியாசிரியர்:
தமிழில் இடமுண்டா என்று கேட்டீர்கள். இடம் குறைவு, தேவையோ மிகப் பெரிது. மலேசிய ஊழியர் சேமநிதி வாரியத்தின் இலாப ஈவு 2023ஆம் ஆண்டுக்கு 5.50 விழுக்காடாக இருந்து 2024ஆம் ஆண்டுக்கு 6.30 ஆனபோது, எண்ணை வாசிப்பது எளிது. அது ஏன் உயர்ந்தது, அடுத்த ஆண்டு குறையவும் கூடுமா என்பதைத் தோட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவருக்கும் விளங்கும்படி சொல்வதே தொழில். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2025 ஜூலையில் வட்டி விகிதத்தை 3.00 விழுக்காட்டிலிருந்து 2.75க்குக் குறைத்தது. அத்தகைய அறிவிப்பு பிற்பகல் 3 மணிக்கு ஆங்கிலத்திலும் மலாயிலும் வெளிவரும்; வீட்டுக்கடன் தவணை எவ்வளவு மாறும் என்பதை மாலைச் செய்திக்குள் நீங்களே கணக்கிட்டுத் தமிழில் சொல்லியாக வேண்டும். உங்கள் கணக்கியல் அங்கேதான் பயன்படும். நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் அடிக்குறிப்புகளைப் படிக்கத் தெரிந்தவர் செய்தி அறையில் அரிது.

பட்டர்வொர்த் வாசகி:
மிக்க நன்றி, ஐயா. நான் சிறிதளவு பங்குகள் வைத்திருக்கிறேன். அவை தடையாகுமா?

பிரிக்பீல்ட்ஸ் கவிதா:
வேலையில் சேருமுன் ஆசிரியரிடம் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். நீங்கள் வைத்திருக்கும் பங்கைப் பற்றிய செய்தியை வேறொருவர் தரட்டும். உரிமமில்லாத ஆலோசகர்களின் எச்சரிக்கைப் பட்டியலைப் பங்கு ஆணையம் வெளியிட்டும், புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் வரும் "உறுதியான இலாபம்" என்ற பேச்சை நம்பிப் பணத்தை இழப்போர் நம்மவரிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நம்பிக் கேட்கும் குரல் எந்தப் பக்கமும் சாயாததாக இருக்க வேண்டும்.