பழைய புத்தகத் தாளில் நோட்டும் காகிதப்பூவும்: ஏற்காட்டு ஈரத்தில் நிற்க என்ன வழி?

மலையோரத்துக்காரி, நாகலூர்

எல்லோருக்கும் வணக்கம். பழைய புத்தகங்களைப் பிரித்து, அந்தத் தாளில் கையால் தைத்த நோட்டு, காகித ரோஜா, ஜன்னலில் தொங்கவிடும் தோரணம் எல்லாம் செய்து விற்கிறேன். கோடை விழா சமயத்தில் ஏற்காட்டுக்கு மேலே வருகிறவர்கள் ஆசையாக வாங்கிப் போகிறார்கள். புத்தகங்கள் எல்லாம் சேலத்தில் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுப்பவை. போன வாரம் வந்த மூட்டையில் பள்ளிக்கூட கைடு, ஆங்கிலச் சட்டப் புத்தகம், அட்டை போன நாவல், உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்னப் பாட்டுப் புத்தகம் என்று எல்லாம் கலந்து கிடக்கின்றன.

என் சந்தேகங்களைச் சொல்கிறேன். அக்கா வீடு கீழே சேலம் அன்னதானப்பட்டியில், அங்கே வைத்து அட்டை போட்டால் நேராக இருக்கிறது, அதையே இங்கே கொண்டுவந்து அலமாரியில் வைத்தால் நாலு நாளில் வளைந்து வாயைப் பிளக்கிறது. பழைய தாளில் பால்பாயிண்ட் பேனா ஓடுகிறது, மைப்பேனா வைத்தால் எழுத்து ஊறிப் பரவுகிறது. கோந்து போட்டு ஒட்டிய புத்தகங்களைப் பிரித்தால் ஒற்றை ஒற்றைத் தாளாக வருகிறது, அதை எப்படித் தைப்பது? அப்புறம் இந்தப் பூஞ்சை வாசனை.

இன்னொன்று. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு எங்களுடையது. நான் கத்தரி எடுத்தாலே அம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறார். அதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பைண்டிங் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

தங்கச்சி, முதலில் அட்டை. ஈரப் பசை தடவினால் காகிதமும் துணியும் விரியும், காயும்போது சுருங்கும், சுருங்கும்போது அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். வெளிப்பக்கம் துணி இழுக்கிற மாதிரியே உட்பக்கம் ஒட்டுகிற தாளும் இழுத்தால்தான் அட்டை நிமிர்ந்து நிற்கும். பலர் உள்தாளுக்குக் கிடைத்த மெல்லிசுப் பேப்பரை ஒட்டிவிடுகிறார்கள், அதற்கு இழுக்கிற பலம் இருக்காது. கொஞ்சம் கெட்டியான தாளைப் போடு.

அடுத்தது நார் ஓட்டம். இயந்திரத்தில் செய்த எந்தக் காகிதத்துக்கும் அட்டைக்கும் நார் ஒரு திசையில்தான் படுத்திருக்கும். ஈரத்தில் தாள் அந்த நாருக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். அதனால் அட்டை, உள்தாள், எழுதுகிற தாள் மூன்றிலும் நார் முதுகோடு நீளவாக்கில் ஓடவேண்டும். ஒன்று குறுக்கே போனாலும் மலை ஈரத்தில் அது தனியாக முறுக்கும், நீ சொல்கிற வாய் பிளப்பதும் பெரும்பாலும் இதுதான். சேலத்து வறண்ட காற்றில் இது வெளியே தெரியாது. பார்ப்பது சுலபம்: தாளை நீளவாக்கில் கிழி, அப்புறம் குறுக்கே கிழி. எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறதோ அதுதான் நார் ஓட்டம். அட்டையை இரண்டு கையாலும் லேசாக வளைத்துப் பார், எந்தப் பக்கம் இடக்குப் பண்ணாமல் வளைகிறதோ அந்த மடிப்புக் கோட்டோடு நார் ஓடுகிறது.

இன்னொரு விஷயம், விற்கிற ஊர்க் காற்றிலேயே அட்டை போடு. தாள், அட்டை, துணி எல்லாவற்றையும் சேலத்திலிருந்து ஏற்றியதும் கட்டைப் பிரித்து இரண்டு நாள் உன் அறையில் பரப்பி வை, அதுவும் மலைக்காற்றுக்குப் பழகட்டும். ஒட்டியதும் வெயிலில் வைக்காதே. நடுவில் மெழுகுத்தாள் கொடுத்து, மேலே பலகை, அதன் மேல் அம்மிக்கல்லோ செங்கல்லோ ஏற்றி, முழுக்கக் காயும்வரை அசைக்காமல் விடு. சேலத்தில் ஓர் இரவு போதும். அங்கே மூடுபனிக் காலத்தில் இரண்டு மூன்று நாள் ஆனாலும் அவசரப்பட்டு எடுக்கக்கூடாது.

பசைக்கு வெறும் ஃபெவிகாலை நம்ப வேண்டாம். முதுகுக்கு அது சரி, காய்ந்தாலும் வளையும். அட்டைத் துணிக்கு அது சீக்கிரம் பிடித்துவிடும், சுருக்கம் எடுக்க நேரம் கிடைக்காது. நாங்கள் மைதாவை ஐந்தாறு பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருந்து கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி, ஆறியபின் கொஞ்சம் ஃபெவிகால் கலப்போம். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு சிட்டிகை போடுவது பட்டறை வழக்கம். அது விஷம், சமையல் பாத்திரம் வேண்டவே வேண்டாம், குழந்தைகள் எட்டாத இடத்தில் வை.

ஒற்றைத் தாளுக்கு வருகிறேன். சைடு தையல், அதாவது முதுகோரமாக மேலிருந்து குத்தித் தைப்பது, போட்டால் பிடிக்கும், ஆனால் நோட்டு விரித்து வைத்தால் படுக்காது, எழுதுகிறவனுக்கு எரிச்சல். அதற்குப் பதில் இரண்டு ஒற்றைத் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் விரல் அகலத்துக்கு மெல்லிய காகிதப் பட்டை ஒட்டிச் சேர்த்தால் மடிக்கக்கூடிய ஒரு தாள் கிடைக்கும். அதன் மடிப்பில் ஊசி போகலாம். நேரம் பிடிக்கிற வேலைதான். அதனால் கடையில் எடுக்கும்போதே முதுகைப் பார்த்து எடு. தையல் போட்ட பழைய புத்தகமாக இருந்தால் நூலை அறுத்தால் போதும், 16 பக்க ஃபாரம், அதாவது ஒன்றாக மடித்துத் தைத்த தாள் கட்டு, மடிப்புக் கலையாமல் முழுசாகக் கையில் வரும். அந்த ஃபாரத்தின் வெளித்தாளை மட்டும் எடுத்து, உள்ளே நாலு வெள்ளை மேப்லித்தோ தாளை (எழுதுவதற்கான வழக்கமான தாள்) மடித்துச் செருகி, குத்தூசியால் மடிப்பில் ஐந்து ஓட்டை போட்டு, மெழுகு தடவிய நூலால் தைத்தால் எழுதுவதற்கு இடமும் கிடைக்கும், பழைய அச்சும் இடையிடையே தெரியும். முழு நோட்டையும் பழைய தாளிலேயே செய்யாதே, எழுத இடமிருக்காது.

பழஞ்சுவடி, சேலம்

நான் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சகோதரி, அந்தச் சின்னப் பாட்டுப் புத்தகங்களை தயவுசெய்து இப்போதைக்குத் தொடாதீர்கள். மற்றதை எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்று பார்க்க படிப்பு தேவையில்லை, கண் போதும். விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது, நயா பைசா என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. எழுத்தைப் பாருங்கள். லை, னை, ணை, ளை இவற்றுக்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி சுழி வளைந்து நின்றாலோ, ணா, றா, னா ஒரே எழுத்தாகச் சுருண்டிருந்தாலோ, அது 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்திய அச்சாகத்தான் பெரும்பாலும் இருக்கும். தாளின் பின்பக்கம் விரலால் தடவுங்கள், எழுத்து புடைத்துத் தட்டுப்பட்டால் ஈய எழுத்துக் கோத்து அடித்த லெட்டர் பிரஸ். கடைசியாக, அச்சகத்தின் பெயரும் ஊரும். சேலம், திருச்செங்கோடு, தர்மபுரி என்று நம் பக்கத்துச் சின்ன அச்சகம் எதுவாக இருந்தாலும் தனியாக எடுத்து வையுங்கள். கும்மி, சிந்து, நாடகப் பாட்டு, கொலைச் சம்பவத்தைப் பாடிய பாட்டு இதெல்லாம் சந்தையில் காலணா அரையணாவுக்கு விற்றவை. மலிவுத் தாள், மலிவு அச்சு. யாரும் அலமாரியில் வைத்துப் பாதுகாக்கவில்லை, அதனால்தான் இன்று கிடைப்பதில்லை. உங்கள் கையில் இருப்பது எங்குமே இல்லாத பிரதியாக இருக்கலாம்.

சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தொகுப்பை வைத்து 1994-இல் தொடங்கியது, அவர் சேர்த்ததில் இந்த மாதிரிச் சில்லறைப் புத்தகங்களும் நிறைய. அவர்களிடம் தலைப்பும் ஆண்டும் எழுதிக் கேளுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடிப் பாருங்கள். அங்கே இருக்கிறது என்று தெரிந்தபின் வெட்டுவதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யலாம்.

வெட்டலாம் என்று தயங்காமல் சொல்வது: வருடம் கடந்த கைடு, போட்டித் தேர்வு வினாவங்கி, பழைய சட்டத் தொகுப்பின் பல பதிப்புகள், டெலிபோன் டைரக்டரி, பிரதி பிரதியாகக் கிடைக்கும் நாவல். இவை வெட்டாவிட்டால் அரவைக்குத்தான் போகும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், கூடவே தரம் பிரிக்கிற வேலையை அவரிடமே கொடுத்துப் பாருங்கள். எதை வைத்துக்கொள்வது என்று அவர் தேர்ந்தெடுக்கட்டும். புத்தகத்தை மதிக்கிற ஒருவர் அந்த மூட்டைக்குக் காவலாக இருப்பது நல்லது.

பட்டறை அண்ணன் சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். மயில்துத்தம் அட்டையோடு நிற்கட்டும், எழுதுகிற தாளில் படுகிற பசையில் வேண்டாம். அதிலுள்ள செம்பு காலப்போக்கில் காகிதத்தை அரித்துப் பழுப்பாக்கும். தாளோடு தாள் ஒட்ட மரவள்ளி ஸ்டார்ச் காய்ச்சிய பசை போதும். மைதாவிலுள்ள குளூட்டன் என்கிற புரதம் அதில் கிடையாது, அதனால் பூச்சியும் அவ்வளவாக நாடாது.

காகிதப்பூ, அம்மாபேட்டை

அக்கா, மைப்பேனா ஊறுவதற்கு வழி எங்கள் தெருவிலேயே இருக்கிறது. பழைய தாளில் மேற்பூச்சுப் போய்விட்டதால் அது மையைக் குடிக்கிறது, மறுபடி கஞ்சி போட்டால் சரியாகும். தறிக்காரர்கள் பாவுக்குக் கஞ்சி போடுகிற அதே தத்துவம். ஜவ்வரிசி மாவோ மரவள்ளி ஸ்டார்ச்சோ, மோர் பதத்தை விடத் தண்ணியாகக் காய்ச்சி வடிகட்டிக்கொள்ளுங்கள். தாளைக் கண்ணாடி மேல் பரப்பி, அகலமான மெத்தென்ற பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே இழுப்பாக இழுங்கள், திரும்பத் திரும்பத் தேய்த்தால் நார் எழும்பிவிடும். பாதி காய்ந்ததும் திருப்பி மறுபக்கம். கயிற்றில் கிளிப் போட்டுக் காயவிட்டு, முழுக்கக் காய்ந்ததும் வழவழப்பான கூழாங்கல்லால் அழுத்தித் தேயுங்கள். கல் ஓடுகிற சத்தமே மாறும், முதலில் கரகரவென்று இருப்பது போகப்போக வழுக்கிக்கொண்டு போகும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய பளபளப்புத் தெரியும். கையால் செய்த காகிதத்துக்குக் கஞ்சி போட்டுக் கல்லால் மெருகேற்றுவது நம் நாட்டில் பழைய முறைதான். முதலில் ஒரு மூலையில் எழுதிப் பாருங்கள், தாளுக்குத் தாள் மாறும்.

கஞ்சி போடும் முன் தாளின் மூலையை முன்னும் பின்னும் மடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று மடிப்பில் உடைந்து கையோடு வந்தால் அது நோட்டுக்கு ஆகாது. செய்தித்தாள் ரகத் தாளில் மரத்திலுள்ள லிக்னின் அப்படியே இருக்கும், வெயில் பட்டால் பழுப்பாகும், அமிலம் ஊறி நொறுங்கும். அதை அட்டைமேல் ஒட்டி அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். புகைப்படம் ஒட்டுகிற நோட்டில் மட்டும் சேர்க்காதீர்கள், படத்தையும் கறையாக்கும். காப்பித் தண்ணீரில் தோய்த்துப் பழைய நிறம் கொண்டுவருகிறார்களே, அதுவும் அமிலம்தான். பூவுக்குச் சரி, நோட்டுக்கு எனக்குச் சம்மதமில்லை.

ரோஜாவுக்கு நான் சட்டப் புத்தகத்தைத்தான் தேடுவேன், தாள் கெட்டி, எழுத்து நெருக்கமாக இருக்கும். வட்டமாக வெட்டி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருளாகக் கத்தரித்து, வெளி முனையிலிருந்து சுற்றிக்கொண்டே வந்து, நடுவில் மிஞ்சும் வட்டத்தில் பசை வைத்து உட்கார வைத்தால் ரோஜா. சுற்றுவதற்கு முன் வெளி ஓரத்தைப் பின்னல் ஊசியால் லேசாகச் சுருட்டிவிட்டால்தான் இதழ் விரிந்த மாதிரி வரும், இதைச் செய்யாவிட்டால் பம்பரம் போல இருக்கும். தமிழ்த் தாளில் செய்யும்போது இதழ் ஓரத்தில் ழ, ஞ, ஔ மாதிரி வளைவுகள் வந்து விழுவது அவ்வளவு அழகு, கொலு சமயத்தில் படி ஓரத்துக்கு இதையே சரமாகக் கேட்டு வாங்குகிறார்கள். மலை ஈரத்தில் இதழ் தொங்காமலிருக்க, செய்து முடித்தபின் மேலே வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். கஞ்சி மட்டும் அங்கே போதாது, அது ஈரத்தை இழுக்கும்.

மலையோரத்துக்காரி, நாகலூர்

அண்ணா, சார், தங்கச்சி, மூவருக்கும் நன்றி. மூட்டையை அவிழ்த்து அம்மாவோடு உட்கார்ந்து பிரித்தேன். பாட்டுப் புத்தகங்களில் பாதிக்குமேல் அணா விலை, துதிக்கை எழுத்து. ஒன்றில் சேலம் அச்சகத்தின் பெயர் இருக்கிறது. அம்மா அவற்றை ஒரு துணியில் கட்டித் தனியாக வைத்துவிட்டார், கைடுகளை அவரே பிரித்துக் கொடுத்தார். ஆனால் கட்டி வைத்ததில் இராமபாணப் பூச்சி ஓடுகிறது, ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சையும் இருக்கிறது. எழுதிக் கேட்டுப் பதில் வரும்வரை எப்படி வைப்பது?

பழஞ்சுவடி, சேலம்

முதலில் துணியிலிருந்து எடுங்கள். பூஞ்சைக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான நிழலில் நிற்கவைத்து நன்றாக உலர்த்தியபின் மெல்லிய பிரஷால் வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஈரத்தோடு துடைத்தால் தாளுக்குள் இறங்கிவிடும். பூச்சிக்கு, பிளாஸ்டிக் பையில் காற்று வெளியேற்றி இறுக்கிக் கட்டி வீட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியே விடவேண்டும், உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். இதில் பூச்சி சாகும், பூஞ்சை சாகாது. காற்றில் ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் அது மறுபடி கிளம்பும். அதனால் மழைக்காலம் முடியும்வரை அந்தக் கட்டை அன்னதானப்பட்டியில் உங்கள் அக்கா வீட்டு பீரோவில் கொண்டுபோய் வைப்பதுதான் நல்லது. தலைப்புப் பக்கங்களைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், நானும் தேடிப் பார்க்கிறேன்.