எந்த ஸ்பெஷாலிட்டி எடுப்பது? நீலகிரியிலிருந்து வெளிநாடு போயிருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கு

விடுமுறைக்குக் கோத்தகிரி வந்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிற பெற்றோர் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். "எங்க பொண்ணு அமெரிக்கா போய் நர்ஸா சேர்ந்துட்டா. மேல படிக்கணும்னு சொல்றா. எதை எடுக்கச் சொல்லட்டும்?" குன்னூர், பந்தலூர், சேரம்பாடி என்று வாட்ஸ்அப்பிலும் இதே கேள்வி. ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் அமெரிக்காவில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனராக இருக்கிறேன், அதனால் அந்த நாட்டைப் பற்றித்தான் விரிவாக எழுத முடியும். மற்ற நாடுகளைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். எந்த நோயைப் பார்ப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த வயது ஆட்களை, எந்த இடத்தில் பார்க்கப் போகிறோம் என்று முடிவெடுக்க வேண்டும். அங்கே உரிமமே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

பட்ட மேற்படிப்பு முடித்து, தனி உரிமத்தோடு நோயாளியைப் பார்க்கும் நர்ஸ்களை அமெரிக்காவில் ஏ.பி.ஆர்.என். என்பார்கள். அதில் நான்கு வகை: நர்ஸ் பிராக்டிஷனர் என்கிற என்.பி., மயக்கமருந்து கொடுக்கும் சி.ஆர்.என்.ஏ., பிரசவம் பார்க்கும் மிட்வைஃப், ஒரு துறையில் ஆழமாகப் பயிற்சி பெற்ற கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட். மாநிலத்துக்கு மாநிலம் குழப்பம் இருக்கக் கூடாது என்று 2008-ல் ஒரு பொது வரையறை கொண்டுவந்தார்கள். அதன்படி என்.பி. படிப்பு ஆறு பிரிவாக இருக்கிறது: குடும்பம் முழுவதும், பெரியவர்களும் முதியவர்களும், குழந்தைகள், பிறந்த சிசுக்கள், பெண்கள் நலம், மனநலம். பெரியவர்கள் பிரிவும் குழந்தைகள் பிரிவும் மறுபடி இரண்டாகப் பிரியும். கிளினிக்கில் பார்ப்பது பிரைமரி கேர், ஆஸ்பத்திரியில் பார்ப்பது அக்யூட் கேர். உரிமம் இவ்வளவுக்குள்தான். இதயத்துக்குக் கார்டியாலஜி என்.பி., புற்றுநோய்க்கு ஆன்காலஜி என்.பி. என்று தனியாக உரிமம் கிடையாது. உரிமம் வாங்கிய பிறகு வேலையிலோ, ஃபெலோஷிப் என்கிற சம்பளத்தோடு கூடிய பயிற்சியிலோ சேர்த்துக்கொள்வதுதான் அதெல்லாம்.

இது தெரியாமல்தான் நிறையப் பிள்ளைகள் சிக்கிக்கொள்கிறார்கள். ஐசியூவில் பல வருடம் வேலை செய்த பெண், "ஃபேமிலி எடுத்தால் எங்கேயும் வேலை கிடைக்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஃபேமிலி என்.பி. முடிப்பாள். திரும்ப ஐசியூவிலேயே என்.பி. வேலைக்கு விண்ணப்பித்தால், "உங்கள் பயிற்சி கிளினிக் பயிற்சி, எங்களுக்கு அக்யூட் கேர் வேண்டும்" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு மருந்தை முடிவு செய்யும் பயிற்சி ஃபேமிலி படிப்பில் கிடையாது. அதேபோல், பெரியவர்களுக்கான அக்யூட் கேர் முடித்தவர் ஐந்து வயதுக் குழந்தையைத் தொட முடியாது.

மாற வழியே இல்லையா? இருக்கிறது. போஸ்ட் கிராஜுவேட் சர்டிஃபிகேட் என்று ஒன்று உண்டு. ஏற்கெனவே என்.பி. ஆனவர் இன்னொரு மாஸ்டர்ஸ் படிக்காமல், வேறொரு பிரிவுக்கான பாடங்களையும் கிளினிக்கல் மணி நேரத்தையும் மட்டும் முடித்து, அந்தப் பிரிவின் தேர்வை எழுதலாம். பழைய மார்க் ஷீட்டை வரிவரியாகப் பார்த்து, எதைக் கழிக்கலாம் எதைப் படிக்க வேண்டும் என்று கல்லூரி முடிவு செய்யும். நோய்க்கூறியல், மருந்தியல், உடல் பரிசோதனை ஆகிய மூன்று பெரிய பாடங்களைப் பெரும்பாலும் கழித்துவிடுவார்கள். ஃபேமிலி முடித்தவர்கள் பலர் இப்படித்தான் மனநலப் பிரிவையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நல்ல வழிதான். ஆனால் பணமும் காலமும் மறுபடி செலவாகும் என்பதால், முதல் தடவையே யோசித்து எடுங்கள் என்கிறேன்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். பணியர், குறும்பர் பழங்குடிக் குடும்பங்களில் இருக்கும் சிக்கிள் செல் நோயை (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) நீங்கள் நேரில் பார்த்து வளர்ந்தவர்கள். கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரியிலோ அந்தப் பக்கத்து வேறு ஆஸ்பத்திரியிலோ வேலை பார்த்திருந்தால் உங்களுக்கே தெரியும்: ஆடி மாதக் குளிரில் கைவிரல் எல்லாம் புடைத்து, தொட்டாலே வீறிடும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வருவாள். அது அடிபட்ட வீக்கமில்லை, ரத்த ஓட்டம் அடைபட்டு எலும்பில் வரும் வலி என்று நீங்கள் பார்த்த உடனே சொல்லிவிடுவீர்கள். கம்பளியைச் சுற்றி, நீர்ச்சத்து ஏற்றி, வலிக்கு மருந்து கொடுப்பீர்கள். அமெரிக்காவில் இந்த நோய் சுமார் ஒரு லட்சம் பேருக்கு இருக்கிறது, பெரும்பாலும் கறுப்பின மக்களுக்கு. "ரொம்ப வலிக்கிறது" என்று அவர்கள் சொன்னால், வலி மருந்துக்காக நடிக்கிறார்கள் என்று சந்தேகப்படும் அவசர சிகிச்சைப் பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வலி உண்மை என்று தெரிந்த நர்ஸ் அங்கே தேவை. குழந்தைகள் பிரிவிலோ பெரியவர்கள் பிரிவிலோ என்.பி. முடித்து, ரத்த நோய்களைப் பார்க்கும் ஹெமட்டாலஜியில் வேலை தேடுங்கள். கல்லூரி கேட்கும் நோக்கக் கட்டுரையில் கூடலூரில் பார்த்ததை அப்படியே எழுதுங்கள். "சிறு வயதிலிருந்தே சேவை மனப்பான்மை" என்று தொடங்கும் கட்டுரைகளை அவர்கள் நிறையப் படித்திருப்பார்கள்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களும் தங்கள் அனுபவத்தைக் குறைத்து நினைக்காதீர்கள். டாக்டர் வாரத்தில் சில நாள் மட்டும் வரும் இடத்தில், தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது கத்தி பட்ட காயம், அட்டைக்கடி, காட்டெருமை முட்டியது, பிரசவ வலி என்று எல்லாவற்றையும் முதலில் பார்த்தது நீங்கள்தான். யாரை இங்கேயே வைத்துப் பார்க்கலாம், யாரை உடனே 108-ல் ஏற்றி மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூருக்கு இறக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் நீங்கள்தான். அந்த முடிவெடுக்கும் பழக்கம்தான் ஃபேமிலி என்.பி.யின் அடிப்படை. அமெரிக்காவில் மலையோர, கிராமப்புற ஊர்களில் டாக்டர் பற்றாக்குறை இருக்கும் இடங்களில் இப்படிப்பட்டவர்களைத் தேடுகிறார்கள். 1965-ல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் முதல் என்.பி. பயிற்சியைத் தொடங்கியதே டாக்டர் போய்ச் சேராத குழந்தைகளுக்காகத்தான்.

சரி, கல்லூரி விஷயம். சி.சி.என்.இ., ஏ.சி.இ.என். போன்ற நர்சிங் கல்வி அமைப்பு ஒன்றின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஆன்லைன் கல்லூரி என்றால் நீங்கள் குடியிருக்கும் மாநிலத்து மாணவர்களைச் சேர்க்க அதற்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். அதைவிட முக்கியம் பிரிசெப்டர். கிளினிக்கல் பயிற்சியில் உங்களைப் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் அந்த ஆளைக் கல்லூரி பிடித்துத் தருமா, நீங்களே அலைய வேண்டுமா? புதிதாக வந்த ஊரில், நாலு டாக்டரைக்கூடத் தெரியாத நிலையில், நீங்களே தேடுவது பெரும்பாடு. நேரடி நோயாளி பராமரிப்பு மணி நேரத்துக்கான குறைந்தபட்ச அளவை 2022-ல் 500-லிருந்து 750 ஆக உயர்த்திவிட்டார்கள், அத்தனைக்கும் இடம் வேண்டும். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள், போனில் சொன்னது நிற்காது.

பணம். உங்களைக் கூட்டிப்போன ஏஜென்சியின் ஒப்பந்தத்தை முதலில் எடுத்துப் படியுங்கள். இத்தனை வருடம் முழுநேர வேலை என்று கையெழுத்துப் போட்டிருந்தால், அது முடியும்வரை பகுதிநேரப் படிப்புதான் சரி. ஆஸ்பத்திரி படிப்புச் செலவு தருகிறதா என்று எச்.ஆர்.-இல் கேளுங்கள். வருடத்துக்கு 5,250 டாலர் வரை அப்படித் தருவதற்கு வரி கிடையாது. கிரீன் கார்டோடு போனவர்கள் அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கல்லூரிக் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். அமெரிக்க அரசின் நர்ஸ் கோர் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். பற்றாக்குறை இடத்தில் 2 வருடம் வேலை செய்தால் படிப்புக் கடனில் 60 சதவீதத்தை அடைப்பார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: மேற்படிப்புக்கு அமெரிக்க அரசு தந்த கிராஜுவேட் பிளஸ் என்ற கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் கிடையாது. பழைய வீடியோக்களைப் பார்த்து அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

படிப்பு முடிந்ததும் ஃபெலோஷிப் தேவையா என்று கேட்கிறார்கள். கட்டாயமில்லை. 2007-ல் கனெக்டிகட்டில் ஒரு சமூக சுகாதார மையத்தில் முதலில் தொடங்கியது, இப்போது பல இடங்களில் இருக்கிறது. பெரும்பாலும் 12 மாதம், சம்பளம் முழு என்.பி. சம்பளத்தைவிடக் குறைவு. ஆனாலும் புதிதாகப் படித்து வருகிறவர்களுக்கு, அதுவும் அந்த நாட்டு மருத்துவமுறைக்கே புதியவர்களான நமக்கு, கேட்டுக் கேட்டு வேலை செய்ய ஒரு வருடம் கிடைப்பது பெரிய விஷயம். வீட்டு நிலைமை இடம் கொடுத்தால் போங்கள் என்றுதான் சொல்வேன்.

இனி, வந்த கேள்விகள் சில.

சேரம்பாடியிலிருந்து ஒரு தங்கச்சி: "அக்கா, நான் ஜி.என்.எம். டிப்ளமோ முடிச்சவ. என்.பி. படிக்க முடியுமா?"

முடியும், ஆனால் நேராக அல்ல. முதலில் டிப்ளமோ நர்ஸ்களைப் பட்டதாரியாக்கும் ஆர்.என்.-டு-பி.எஸ்.என். முடியுங்கள், வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் படிக்கலாம். மாஸ்டர்ஸையும் சேர்த்து ஆர்.என்.-டு-எம்.எஸ்.என். என்று நடத்தும் கல்லூரிகளும் உண்டு. ஊரில் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்திருந்தால் அதை மதிப்பீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். இன்னொன்று: நம் பதிவில் ஆர்.என்.ஆர்.எம்., அதாவது நர்ஸும் மிட்வைஃபும், என்று இருப்பதால் அங்கே மிட்வைஃப் ஆகிவிட முடியாது. அதற்குத் தனி மேற்படிப்பும் தனித் தேர்வும் உண்டு.

குன்னூர்த் தம்பி ஒருவர்: "ஆபரேஷன் தியேட்டர்ல அனஸ்தீசியா டாக்டர் கூடவே இருந்திருக்கேன். சி.ஆர்.என்.ஏ. சேரலாமா அக்கா?"

தம்பி, தியேட்டர் அனுபவத்தை அவர்கள் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஐசியூ மாதிரியான தீவிர சிகிச்சையில் குறைந்தது 1 வருட முழுநேர அனுபவம் வேண்டும், போட்டி இருப்பதால் அதற்கு மேலேயே எதிர்பார்ப்பார்கள். 2022-லிருந்து சேருகிற எல்லோருக்கும் டாக்டரேட் படிப்புதான். 3 வருடம், குறைந்தது 2,000 கிளினிக்கல் மணி நேரம். அந்த 3 வருடமும் வேலைக்குப் போவது நடக்காத காரியம். அதனால் முதலில் ஐசியூவுக்கு மாறுங்கள், குடும்பச் செலவுக்குப் பணம் சேருங்கள், அப்புறம் விண்ணப்பியுங்கள். சிசுப் பிரிவு என்.பி.க்கும் இதேபோல்தான். சிசுக்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யூ.வில், அதுவும் உயர்நிலைப் பிரிவில், 2 வருடம் கேட்பார்கள்.

கூடலூரிலிருந்து இங்கிலாந்து போன ஒரு பெண்: "சேச்சி, நர்ஸுக்கான ஆரம்பச் சம்பள நிலை பேண்ட் 5-ல இருக்கேன். இங்க என்ன வழி?"

அங்கே அட்வான்ஸ்டு கிளினிக்கல் பிராக்டிஷனர் என்ற வழி. மாஸ்டர்ஸ் நிலைப் படிப்பு. சிகிச்சை, தலைமைப் பொறுப்பு, கற்பித்தல், ஆராய்ச்சி என்ற நான்கையும் காட்ட வேண்டும். ஆனால் அங்கே நீங்களாகப் படித்து முடிப்பதைவிட, ஆஸ்பத்திரியில் டிரெய்னி இடம் கிடைப்பதுதான் முக்கியம். அதனால் உங்கள் மேட்ரனிடம் இப்போதே வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். பதிவாகி 1 வருடம் ஆனதும் மருந்து எழுதும் வி300 படிப்புக்குக் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு: என்.பி. மாஸ்டர்ஸோடு, கடைசி 6 வருடத்துக்குள் உயர்நிலை கிளினிக்கல் வேலையில் 5,000 மணி நேரம் காட்ட வேண்டும். மணிக்கணக்கை இன்றிலிருந்தே எழுதி வையுங்கள்.

பந்தலூரிலிருந்து ஒரு அம்மா: "பொண்ணு வேலை பார்த்த எஸ்டேட் ஆஸ்பத்திரியை மூடிட்டாங்க. அனுபவச் சான்றிதழ் யார்கிட்ட வாங்குறதுங்க?"

அம்மா, கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள், ஆஸ்பத்திரி மூடினாலும் ஆள் சேர்த்த பதிவேடு அங்கே இருக்கும். "நன்றாக வேலை செய்தார்" என்ற ஒற்றை வரிக் கடிதம் போதாது. எத்தனை படுக்கை, எந்த மாதிரி நோயாளிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், இரவில் பொறுப்பில் இருந்தாரா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். கூட வேலை பார்த்த டாக்டர் இருந்தால் அவரிடமும் தனிக் கடிதம் வாங்குங்கள். பி.எஸ்சி. நர்சிங் படித்தது தமிழ்நாட்டில் என்றால் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பதிவு) கிண்டியில் உள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில். மைசூர், பெங்களூரு பக்கம் பி.எஸ்சி. படித்தவர்களுக்குப் பெரும்பாலும் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தில். ஒன்றுக்கு நாலாக வாங்கி, உறையைப் பிரிக்காமல் வையுங்கள். கம்பெனியிலிருந்து பதிலே வரவில்லையென்றால், சேர்ந்த தேதியையும் விட்ட தேதியையும் காட்ட பி.எஃப். கணக்கு இருக்கிறது. அதை உங்கள் பெண்ணே அங்கிருந்து இறக்கிக்கொள்ளலாம், அவருடைய பி.எஃப். அடையாள எண்ணான யு.ஏ.என்.னும் பழைய இந்திய மொபைல் நம்பரும் உயிரோடு இருந்தால் போதும். அந்த நம்பருக்கு ரீசார்ஜ் மட்டும் விட்டுவிடாதீர்கள்.