சிங்கப்பூரில் அன்றாடக் குடிநீருக்கு வீட்டு வடிகட்டி தேவைதானா?

செங்காங்_கயல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரைப் பக்கத்திலிருந்து செங்காங்கில் உள்ள ஒரு வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு அண்மையில் குடிவந்திருக்கிறோம். மாமியார், கணவர், நான், பள்ளி செல்லும் மகன், புட்டிப்பால் குடிக்கும் நான்கு மாதப் பெண் குழந்தை என வீட்டில் ஐந்து பேர். ஊரில் எங்கள் தெருவுக்கு ஆழ்துளைக் கிணற்று நீர்தான். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். அதனால் ஆர்.ஓ. கருவியில் (நுண்சவ்வு வழியே நீரைத் தள்ளி உப்பை நீக்கும் கருவி) வடித்த நீரைத் தவிர வேறு எதையும் நாங்கள் குடித்ததில்லை. மாமியார் அந்த நீரையும் காய்ச்சி, ஆறவைத்து, செப்புக் குடத்தில் ஊற்றி வைத்துத்தான் குடிப்பார்.

இங்கே குழாய் நீரை நேராகவே குடிக்கலாம் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். ஆனால் நேற்று முன்தினம் வீட்டுக்கு வந்த ஒரு விற்பனையாளர் செய்து காட்டிய சோதனை எங்களைக் கலங்க வைத்துவிட்டது. எங்கள் குழாயில் பிடித்த நீரை ஒரு கண்ணாடிக் குவளையிலும், தாம் கொண்டுவந்த ஆர்.ஓ. நீரை இன்னொரு குவளையிலும் ஊற்றி, உலோகக் கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை இரண்டின் மீதும் வைத்து மின்சாரம் செலுத்தினார். சற்று நேரத்தில் குழாய் நீர் பழுப்பேறி, மேலே அழுக்கு நுரை திரண்டுவிட்டது. அவருடைய நீர் தெளிவாகவே இருந்தது. “இதைத்தான் உங்கள் குழந்தை குடிக்கிறது” என்று அவர் சொன்னதும் மாமியார் பதறிப்போனார். கணவர் அங்கேயே முன்பணம் கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார். விலை ஆயிரம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல். கருவி அடுத்த வாரம் வருமாம்.

குழாய் நீரில் லேசாக ஒரு மருந்து வாடை அடிப்பதும் உண்மை. அன்றாடம் குடிப்பதற்கு வடிகட்டிய நீர் கட்டாயம் தேவையா? குழந்தையின் பாலுக்கு எந்த நீரைப் பயன்படுத்துவது நல்லது? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

ஜூரோங்_கதிரவன் எழுதியது:

வணக்கம் சகோதரி. நீர் சுத்திகரிப்புத் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்பதால், உங்களைப் பதறவைத்த அந்தச் சோதனையிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் குவளையில் நீங்கள் கண்ட பழுப்பு, கருவியின் கம்பியிலிருந்து கரைந்து வந்த இரும்பு. அத்தகைய கருவிகளில் ஒரு கம்பி இரும்பாகவும் மற்றொன்று பெரும்பாலும் அலுமினியமாகவும் இருக்கும். குழாய் நீரில் கால்சியம், மக்னீசியம், சோடியம் போன்ற தாதுக்கள் இயல்பாகவே கரைந்திருப்பதால் அதில் மின்சாரம் பாயும். பாய்ந்ததும் இரும்புக் கம்பி அரிக்கப்பட்டு, துரு போன்ற படிவாக நீரில் கலக்கும். ஆர்.ஓ. நீரில் அந்தத் தாதுக்கள் ஏறக்குறைய இல்லாததால் மின்சாரம் பாய்வதும் மிகக் குறைவு, கம்பி கரைவதும் மிகக் குறைவு. அவருடைய தெளிந்த நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கருவியை வைக்கச் சொல்லியிருந்தால், அதுவும் உங்கள் கண்ணெதிரே பழுப்பாகியிருக்கும். குழந்தையைக் காட்டித் தாய்மாரை அச்சுறுத்தி விற்கும் இந்த வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இங்கே குடிநீர் வழங்கும் அரசு அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் வடிகட்டி விற்பதற்காக யாரையும் வீடு வீடாக அனுப்புவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, ஊர் அனுபவத்தை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் கிணற்று நீரில் இருந்த தொல்லை, கரைந்த உப்பின் மிகுதி. அதை நீக்க ஆர்.ஓ. கருவி தேவைப்பட்டது, அது சரியான தீர்வும்கூட. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்துள்ள திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. அந்த அளவுக்குக் கீழே உள்ள நீருக்கு ஆர்.ஓ. கருவியே வேண்டாம் என்று இந்தியாவின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் கூறியது. சிங்கப்பூர்க் குழாய் நீர் அந்த எல்லைக்கு வெகுவாகக் கீழேதான் இருக்கிறது. நீர்த்தேக்கங்களில் சேரும் மழைநீர், மலேசியாவின் ஜொகூரிலிருந்து வரும் நீர், புதுநீர் (பயன்படுத்திய நீரை மறுபடி சுத்திகரித்துப் பெறுவது), கடல்நீரிலிருந்து எடுக்கும் நன்னீர் ஆகிய நான்கு வழிகளில் இங்கே நீர் கிடைக்கிறது. இவற்றுள் புதுநீரும் கடல்நீரும் ஆலையிலேயே ஆர்.ஓ. சவ்வுகளைக் கடந்து வருபவை.

நீங்கள் குறிப்பிட்ட மருந்து வாடைக்குக் காரணம், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் என்ற கிருமிநாசினி. ஆலையிலிருந்து புறப்படும் நீர் பல கிலோமீட்டர் குழாயைக் கடந்து, உயர்ந்த மாடிகளுக்கானால் கூரைத் தொட்டியில் தங்கி, அதன் பின்னரே உங்கள் சமையலறைக்கு வருகிறது. அந்த வழி முழுவதும் கிருமிகள் பெருகாமல் காப்பதற்காகவே அதை நீரில் சிறிதளவு விட்டுவைக்கிறார்கள். குடிநீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் மோனோகுளோரமின் (குடிநீரில் பயன்படும் குளோரமின் வகை) வரை இருக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வழிகாட்டு அளவு. மூக்குக்குத் தெரிகிறது என்பதற்காக அது கெடுதல் என்று எண்ண வேண்டாம்.

வடிகட்டியைப் பற்றி நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவதும் இதைச் சார்ந்ததே. கரி வைத்த வடிகட்டியானாலும் ஆர்.ஓ. ஆனாலும், அது முதலில் நீக்குவது குளோரமின் தரும் இந்தக் காப்பைத்தான். வடிகட்டியைத் தாண்டிய நீருக்குக் கிருமியை எதிர்க்கும் பொருள் எதுவும் துணைக்கு இராது. அதற்குப் பின் அந்த நீர் தங்கும் சிறு தொட்டி, குழாய், புட்டி, குடம் ஆகிய அனைத்தின் தூய்மைக்கும் வீட்டில் இருப்பவர்களே பொறுப்பு. ஆகவே இங்கே வடிகட்டி வைப்பது பாதுகாப்புக்காக அன்று, சுவைக்காக மட்டுமே. பராமரிக்க மனமும் நேரமும் இருப்பவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

உட்லண்ட்ஸ்_வாசுகி எழுதியது:

கதிரவன் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் “சுவைக்காக மட்டுமே” என்று அதைச் சிறியதாக எண்ணிவிட முடியாது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் குழாய் நீரின் வாடை பிடிக்காமல் நீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு, பாக்கெட்டில் வரும் இனிப்புப் பானங்களின் பக்கம் சாய்ந்தார்கள். கரி வடிகட்டி உள்ள சாதாரண ஜாடி ஒன்றை வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த பிறகு, கேட்டுக் கேட்டு நீர் குடிக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது உடல்நலம் சார்ந்த நன்மையே.

பராமரிப்பு பற்றி அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஜாடியின் மூடியைக் கழற்றி, நீர் ஊற்றும் மூக்கின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். சில நாள் கழுவாமல் விட்டாலே, வழுவழுப்பாக, சில நேரம் இளஞ்சிவப்பு நிறத்தில், மெல்லிய ஏடு ஒன்று படிந்திருக்கும். அது கிருமிகள் சேர்ந்து உண்டாக்கும் படலம். மேல் பாத்திரத்தில் கார்ட்ரிட்ஜ் (கரி நிரப்பிய கூடு) உட்காரும் பள்ளத்திலும் அது ஒளிந்துகொள்ளும். நான் பழைய பல்துலக்கியால் அந்த இடங்களைத் தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவைத்துவிட்டுத்தான் மறுபடி நீர் ஊற்றுவேன். கார்ட்ரிட்ஜை எத்தனை லிட்டருக்கு அல்லது எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அவற்றில் எது முந்துகிறதோ அதைக் கணக்கில் கொள்ள வேண்டும். “நீர் இன்னும் தெளிவாகத்தானே வருகிறது” என்று நாள் கடத்தக் கூடாது. கரி நிறைந்துபோவது கண்ணுக்குத் தெரிவதில்லை. வடித்த நீரை வெளியே வைக்காமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஓரிரு நாளுக்குள் குடித்துவிடுவது நல்லது.

வாங்கும்போது என்.எஸ்.எஃப். என்ற அமெரிக்கத் தரச்சான்று அமைப்பின் 42, 53 போன்ற தர எண்கள் உள்ளனவா என்று பாருங்கள். 42 என்பது சுவை, வாடை, குளோரின் தொடர்பானது. 53 என்பது ஈயம் முதலிய உடலுக்குக் கேடானவற்றைக் குறைப்பது தொடர்பானது. ஆயிரம் வெள்ளி தேவையே இல்லை.

செங்காங்_கயல் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சோதனையின் விளக்கத்தை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். உப்புப் போட்டுப் பார்க்கலாம் என்றதும் அவருக்கே தெளிவாகிவிட்டது. இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. முன்பு இந்த வீட்டில் இருந்தவர்கள் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே ஒரு வடிகட்டியைப் பொருத்தி, அப்படியே விட்டுச் சென்றிருக்கிறார்கள். வீடு சில மாதம் பூட்டிக் கிடந்ததாம். அதை இப்போது பயன்படுத்தலாமா?

பிடோக்_தாதி எழுதியது:

வணக்கம் கயல். நான் தாதியாக (செவிலியராக) பணிபுரிகிறேன். முதலில் குழந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பால்மாவு கரைக்கும்போது, எந்த நீர் என்பதைவிட எவ்வளவு சூட்டில் கரைக்கிறோம் என்பதைத்தான் மிகவும் கவனிக்க வேண்டும். பால்மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் அன்று. டப்பாவைத் திறக்கும் முன்னரே அதில் அரிதாகச் சில கிருமிகள் இருக்கக்கூடும். அதனால்தான் 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத நீரில் கரைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. அப்போதைக்கப்போது பிடித்த குழாய் நீரைக் கொதிக்க வைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல், அந்தச் சூட்டிலேயே மாவைக் கரையுங்கள். பிறகு புட்டியைக் குளிர்ந்த நீருக்கு அடியில் காட்டி ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கரைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறையில் வைத்திருந்து கொடுக்காதீர்கள். வெந்நீர்க் குழாயிலிருந்து வரும் நீரைப் பாலுக்கோ குடிப்பதற்கோ பிடிக்க வேண்டாம். சூட்டில் குழாயின் உலோகம் கூடுதலாகக் கரையும்.

செப்புக் குடத்தில் வைத்த நீரைக் குழந்தையின் பாலுக்குப் பயன்படுத்தவே வேண்டாம். நீர் அதில் தங்கத் தங்கச் செம்பு கரையும். பச்சிளங்குழந்தைக்கு அது ஏற்றதன்று. உங்கள் மாமியார் அளவாகக் குடிப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் எலுமிச்சை, மோர், புளி கலந்த எதையும் அந்தக் குடத்தில் ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடத்தை அடிக்கடி துலக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் சிறுநீரக இயந்திரச் சிகிச்சை (டயாலிசிஸ்) பெறுபவர் யாரேனும் இருந்தால் மட்டும் கதை வேறு. குளோரமின் கலந்த நீரைக் குடிப்பதால் கேடில்லை என்றாலும், அந்த இயந்திரத்துக்குள் செலுத்தும் நீரில் அது இருக்கவே கூடாது. அதற்கென்று தனிச் சுத்திகரிப்பு உண்டு; மருத்துவமனை வழிகாட்டும். மீன்தொட்டி வைத்திருப்பவர்களும் குளோரமினை நீக்கிய பிறகே நீரை மாற்ற வேண்டும்.

ஜூரோங்_கதிரவன் எழுதியது:

தாதி சொன்னவற்றுடன் சேர்த்து, உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை தருகிறேன். மாதக்கணக்கில் நீர் தேங்கி நின்ற அந்த வடிகட்டியிலிருந்து ஒரு குவளைகூடக் குடிக்க வேண்டாம். காப்பு நீங்கிய நீர், இருட்டு, நம் ஊர் வெப்பம், கிருமிகள் பற்றிக்கொள்ள ஏராளமான கரித் துகள்கள் ஆகிய எல்லாம் அதற்குள் ஒன்றுகூடியிருக்கின்றன. உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழைத்து அதைக் கழற்றிவிட்டு, குழாயை நேராக இணைத்துக்கொள்ளுங்கள். வீடு நெடுநாள் பூட்டிக் கிடந்ததால், எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் திறந்துவிட்டு, தேங்கிய நீரை வெளியேற்றுங்கள். வீணாக்க மனம் வராவிட்டால் வாளியில் பிடித்துத் தரை கழுவலாம். குழாயின் முனையில் உள்ள சிறு வலையைத் திருகிக் கழற்றிக் கழுவுவதும் நல்லது. மணலும் துருவும் அங்கேதான் தங்கும். நீர் தொடர்ந்து பழுப்பாக வந்தால் அது பெரும்பாலும் வீட்டின் பழைய இரும்புக் குழாயில் இருக்கும் கோளாறு. அதைச் சரிசெய்ய வேண்டுமே தவிர, வடிகட்டியால் மூடி மறைக்கக் கூடாது. கூரைத் தொட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். வீவக புளோக்குகளில் அதை ஆண்டுதோறும் சோதித்துச் சுத்தம் செய்வது நகர மன்றத்தின் கடமை.

வரவிருக்கும் ஆர்.ஓ. கருவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஆர்.ஓ. கருவிகள் ஒரு லிட்டர் வடித்துத் தருவதற்குப் பொதுவாக இரண்டு, மூன்று லிட்டரையேனும் கழிவாக வெளியேற்றும். பணக் கணக்கில் அது சிறிதுதான். வீட்டுப் பயன்பாட்டுக்கு 1,000 லிட்டர் நீரின் விலை, மாதம் 40 கன மீட்டர் (40,000 லிட்டர்) வரை, பொருள் சேவை வரி நீங்கலாக 3 வெள்ளி 24 காசு. ஆனால் கடல்நீரைக்கூடக் குடிநீராக்கிக்கொள்ளும் ஒரு நாட்டில், ஏற்கெனவே தூய்மையான நீரில் பெரும்பங்கைச் சாக்கடையில் விடுவது எனக்கு ஒப்பவில்லை. பல்நலத்துக்காக 1950-களிலிருந்தே இங்கே நீரில் சேர்க்கப்படும் ஃபுளோரைடையும் ஆர்.ஓ. பெருமளவு நீக்கிவிடும்; வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது ஓர் இழப்பே.

இறுதியாக, அவசரமான ஒரு செய்தி. அழைக்காமல் வீடு தேடிவந்து விற்றவரோடு செய்த ஒப்பந்தத்தை, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக ஐந்து நாளுக்குள் ரத்து செய்ய இங்கே சட்டப்படி உரிமை உண்டு. நேற்று முன்தினம் கையெழுத்திட்டதாகச் சொல்கிறீர்கள். ஆகவே காலம் இருக்கிறது. உங்கள் கணவர் இன்றே எழுத்து மூலம் ரத்துக் கடிதம் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளட்டும். வாய்மொழியாகச் சொல்வதோடு விட்டுவிட வேண்டாம். அவர்கள் முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், ஒப்பந்த நகலுடன் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடுங்கள்.