புதுப்பிப்பு: திரை வாசிப்பானோடு மிக்ஸிங்

பார்வையற்றவர்கள் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரை வாசிப்பானை மட்டும் நம்பி மிக்ஸிங் (பல ஒலிப்பதிவுகளைச் சமன்செய்து ஒன்றாக்குவது) செய்ய முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிகிறது. சிலர் சொன்னபடி ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், அதைத் திரை வாசிப்பானோடு பேசவைக்கும் ஓசாரா நீட்சியைப் போட்டேன். என்விடிஏ என்ற திரை வாசிப்பானோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. அம்புக்குறி விசையில் டிராக் (ஒலித்தடம்) மாறும்போதே அதன் பெயரையும், மியூட்டில் இருந்தால் அதையும் சொல்லிவிடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது பீக் வாட்சர்: நாம் வைத்த டெசிபல் அளவை ஒலி தாண்டினால் அதுவே குரல் கொடுக்கும், மீட்டரைப் பார்க்க வேண்டியதில்லை.

ஒலியை மாற்ற ரீப்பரில் சேர்க்கும் சிறு மென்பொருள்களான பிளகின்கள்தான் இன்னும் தலைவலி. சிலவற்றின் ஜன்னல் முழுக்க வெறும் படம். அதில் திருகுகள் இருப்பதே வாசிப்பானுக்குத் தெரியாது. அப்போது ஓசாராவின் அளவுருப் பட்டியலைத் திறந்து த்ரெஷோல்டு, ரேஷியோ போன்ற அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றலாம். அதுவும் பிளகினை எழுதியவர் ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தால்! ‘பாரம் 12’ (Param 12) என்று வெறும் எண்ணோடு வந்தால், திருகிப் பார்த்துக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம், இசைக் குறிப்புகளைத் திருத்தும் மிடி எடிட்டரை இனிமேல்தான் தொடப்போகிறேன்.