ஆயிரம் பீடிக்கு 5 ரூபா

குடியாத்தத்திலிருந்து:

எங்க அம்மா முப்பது வருசமா பீடி சுத்துறாங்க. நான் பள்ளிக்கூடம் போனப்ப வருசா வருசம் பீடித் தொழிலாளர் சேமநல நிதியிலேர்ந்து படிப்புக்குப் பணம் வரும். நோட்டு, சீருடை எல்லாம் அதுலதான்.

அந்த நிதிக்கு 1976-ல சட்டம் போட்டாங்க. தயாராகுற பீடி மேல தனியா தீர்வை வாங்கி, சுத்துறவங்க வைத்தியம், பிள்ளைங்க படிப்பு, வீடுன்னு செலவு பண்ணாங்க. கடைசியா ஆயிரம் பீடிக்கு 5 ரூபா. 2017-ல ஜி.எஸ்.டி. வந்தப்ப அந்தத் தீர்வையை எடுத்துட்டாங்க. பீடிக்கு 28 சதவீதம் வரி போட்டாங்க, ஆனா அதுல எங்களுக்குன்னு எழுதி வச்ச பங்கு கிடையாது. பட்ஜெட்ல ஒதுக்கினாத்தான் உண்டு. அம்மா பேருல இருந்த உண்டியலை உடைச்சு வேற கல்லாவுல கொட்டிட்டாங்கன்னுதான் எனக்குப் படுது.

தம்பி பாலிடெக்னிக் சேர்ந்தப்ப அந்தப் படிப்புப் பணத்துக்கு ஆன்லைன்ல விண்ணப்பிச்சோம். அம்மாவோட தொழிலாளர் அட்டையில ஒரு இனிஷியல், ஆதார்ல வேற. திருப்பி அனுப்பிட்டாங்க. மூணு தடவ நெட் சென்டருக்கு அலைஞ்சோம். ஒவ்வொரு தடவயும் அரை நாள் போச்சு. அரை நாள்னா அம்மாவுக்கு நானூறு பீடி.

ஆம்பூர் பக்கத்திலிருந்து:

அக்கா, நான் ஷூ கம்பெனியில தைக்கிறேன், கான்ட்ராக்ட்தான். 2019 ஜூலையில ஈ.எஸ்.ஐ.க்கு, அதான் தொழிலாளர் காப்பீட்டுக்கு, சம்பளத்துல முதலாளி கட்டுறதை 4.75 சதவீதத்திலேர்ந்து 3.25 ஆக்குனாங்க. எங்க பங்கு 1.75-லேர்ந்து 0.75 ஆச்சு. மாசம் நூறு ரூபா கூட வருதுன்னு அன்னிக்கு சந்தோசப்பட்டேன். அப்புறம் கான்ட்ராக்டர் மாறினாரு. பிரசவத்துக்குப் போனா 70 நாளுக்கு ஈ.எஸ்.ஐ. கட்டின கணக்கு இருக்கணும், உங்களுக்கு 58 தான் இருக்குன்னுட்டாங்க. சம்பளத்துல மட்டும் மாசாமாசம் பிடிச்சிருந்தாங்க.

வேலூரிலிருந்து:

1997-ல நாடு பூரா ரேஷனை ஏழைங்க, மத்தவங்கன்னு பிரிச்சப்ப நம்ம மாநிலம் எல்லாருக்கும்னு நின்னுச்சு. அதனாலதான் எங்க ஆயாவுக்கு இன்னிக்கும் விலையில்லா அரிசி கிடைக்குது. அவங்களும் பீடி சுத்தினவங்கதான், விரல் தேஞ்சுபோச்சு. ரேஷன் கடை மெஷின்ல ரேகை விழாது. நைனா வேலைய விட்டுட்டுக் கூடப் போவாரு.

குடியாத்தத்திலிருந்து:

அம்மா விரலும் அப்படித்தாங்க, இலை வெட்டி வெட்டி வழுவழுன்னு இருக்கும். ஆம்பூர் தங்கச்சி, சம்பளச் சீட்டு இருந்தா பத்திரமா எடுத்து வைம்மா. அவங்க கட்டாததுக்கு நீ பொறுப்பில்ல. எழுதிக் குடு, நான் கூட வரேன்.