டிராவலர்: 20,000 டன் போர்க்கப்பலுக்கு மீசான் பீரங்கியா, சிறு ஆயுதங்களா?

கேள்வி:
வணக்கம். எங்கள் குழு டிராவலர் என்ற விண்வெளிக் கதாபாத்திர விளையாட்டை, விண்கப்பல் வடிவமைப்புக்கும் போருக்குமான 1980ஆம் ஆண்டின் 'ஹை கார்ட்' விதிகளின்படி ஆடி வருகிறது. என் 20,000 டன் குரூசர் மூன்று பார்செக் (விண்மீன்களுக்கு இடையிலான தூரத்தை அளக்கும் அலகு) தாவ வேண்டும் என்பதால், தாவலுக்கான எரிபொருளே 6,000 டன்னை விழுங்கிவிடுகிறது. மிஞ்சும் இடத்தில் கப்பலின் முதுகெலும்பாக நீளும் மீசான் பீரங்கி ஒன்றைப் பொருத்துவதா, கவசத்துக்கும் டரட்டுகளுக்கும் (சிறு ஆயுதங்களைத் தாங்கும் சுழல் மேடைகள்) அந்த இடத்தைப் பகிர்ந்துகொடுப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன். எதிரிக் கப்பல்களின் கவசம் மிகத் தடித்தது.

மறுமொழி 1:
கவசம் தடித்தது என்றால் மீசான் பீரங்கியையே தேர்ந்தெடுங்கள். அணுவினும் சிறிய துகள்களான மீசான்கள் கவசத்தைக் கடந்து கப்பலுக்குள் போய்ச் சிதைவதால், அவற்றைத் தடுக்கும் மீசான் திரை இல்லாத கப்பலுக்கு அதன் கவசம் துணை நிற்காது. வெளியே ஒரு கீறலும் விழாத எங்கள் குரூசர், ஒரே தாக்குதலில் எரிபொருள் தொட்டிகள் நொறுங்கிச் செயலற்று நின்றதைப் பார்த்திருக்கிறேன். பகடையை உருட்டியவரே சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

மறுமொழி 2:
எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு கப்பலில் அத்தகைய பீரங்கி ஒன்றுதான் இருக்க முடியும். குறி தவறினால் அந்தச் சுற்றில் கப்பலின் முதன்மை ஆயுதமே வீணாகிறது. 1981இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் டக்ளஸ் லெனட், தாம் எழுதிய யூரிஸ்கோ என்ற நிரலின் துணையோடு இதே விளையாட்டின் டிரில்லியன் கிரெடிட் (விளையாட்டின் கற்பனைப் பணம்) செலவில் கடற்படை அமைத்து மோதும் போட்டியில் களமிறங்கினார். கனத்த கவசமும் ஏராளமான சிறு ஆயுதங்களும் கொண்ட, மெதுவாக நகரும் கப்பல்களின் பெருங்கூட்டமே வென்றது. மறு ஆண்டு விதிகளை மாற்றிய பிறகும் அவரே வென்றார்.

மறுமொழி 3:
அந்த வெற்றி முழுக் கடற்படைக்கு உரியது. நண்பர் கேட்பது ஒரே கப்பலைப் பற்றி. 100 டன்னுக்கு ஒன்று என்ற கணக்கில் உங்களுக்கு 200 டரட்டுகள் வரை கிடைக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று ஆயுதங்கள் பொருத்தலாம், பத்து டரட்டுகள் வரை ஒன்றாகச் சுடும் ஒரே பேட்டரியாக (ஆயுதத் தொகுதியாக) இணைக்கலாம். ஆனால் தடித்த கவசத்தின் மேல் லேசர்கள் பெரும்பாலும் சிறு சேதமே செய்யும். எனவே பீரங்கியை வைத்துக்கொண்டு, டரட்டுகளில் கணிசமான பகுதியை எதிரியின் லேசரை மங்கச்செய்யும் மணல் வீசிகளுக்கு ஒதுக்குங்கள். அணு ஏவுகணைகளை முடக்கும் டாம்பரையும் மீசான் திரையையும் எக்காரணத்தாலும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. தாவலை இரண்டு பார்செக்காகக் குறைத்து, மிச்சமாகும் 2,000 டன்னைத் திரைக்கும் டாம்பருக்கும் கொடுத்துப் பார்க்கிறேன்.