புதுப்பிப்பு: பலமான நீரோட்டத்துக்கு ஏற்ற கால்துடுப்பு கிடைத்தது

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவுக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற கப்பலைப் பார்க்கச் சுழியோடும்போது, நடுவில் பிளவுள்ள வகையைச் சேர்ந்த என் கால்துடுப்புகளால் நீரோட்டத்தை எதிர்க்க முடியவில்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

குதிகால் திறந்த, பிளவில்லாத, விறைப்பான இறப்பர் துடுப்பைச் சுருள்வில் பட்டியுடன் அணியச் சொன்ன ஆலோசனையே பலித்தது. முன்னர் நங்கூரக் கயிற்றை எட்ட முடியாமல் நின்ற இடத்திலேயே உதைத்துக்கொண்டிருந்த நான், இம்முறை குறுகிய, நிதானமான உதைகளாலேயே அதை அடைந்தேன். அலையடித்தபோதும் பட்டி கழலவில்லை. நீளமான துடுப்பை வாங்கவில்லை, இரும்புச் சிதைவுகளுக்கிடையே திரும்புவதற்கு அது இடைஞ்சல்.

எதிர்பாராத ஒன்று: இறப்பர் நீரில் அமிழ்வதால் கால்கள் கீழே இழுபட்டன. இடுப்புப் பட்டியிலிருந்த ஈய எடைகளில் ஒரு பகுதியை, முதுகிலுள்ள காற்றுச் சிலிண்டரின் பட்டிக்கு மாற்றிய பின்னரே உடல் கிடையாக நின்றது. முதல் இரு நாட்களும் கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு வந்ததால், இதை வாங்குபவர்கள் முதலில் அமைதியான நீரில் பழகிக்கொள்ளுங்கள்.